புலியும் முப்பத்து நான்கும்



முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றித் தலைமை ஆசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். கணிதமும் வரலாறும் கற்பித்தவன். படையில் சேர்ந்தவனல்லன், டாங்கி ஒன்றின் உள்ளே ஏறி அமர்ந்தவனுமல்லன். இத்தகைய ஒருவன் டாங்கிகளைப் பற்றிப் பேச முன்வருவானேன் என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் ஒரு மாணவன்.

ஒருநாள் வகுப்பில் இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். “ஐயா, அந்தப் போரில் எந்த நாட்டு டாங்கி சிறந்தது?” என்று பையன் ஒருவன் எழுந்து கேட்டான். “இதில் ஐயமென்ன? சோவியத் நாட்டின் டி-34 தான். வென்ற டாங்கி அதுதானே!” என்று சட்டென விடை கூறினேன். அவன் உட்காரவில்லை. சற்றுத் தயங்கி, “ஐயா, அந்தப் போருக்கு உங்களையே அனுப்பியிருந்தால் எந்த டாங்கியில் உட்கார விரும்புவீர்கள்?” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. டி-34 என்று மறுபடியும் சொல்ல நா எழவில்லை. அதற்குள் மணி அடித்தது, நான் தப்பினேன். ஆனால், அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அதற்குரிய விடையைத் தேடிப் படித்தவற்றையே இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

ஆசிரியர் பயிற்சியின்போது எங்களுக்குக் கற்பித்த முதியவர் ஒருவர் அடிக்கடி ஓர் அறிவுரை கூறுவார். மாணவன் தவறான விடை எழுதியிருந்தால் உடனே சிவப்புக் கோடு இழுத்துவிடாதீர்கள்; அவன் எந்தக் கேள்வியை மனத்தில் வைத்து அந்த விடையை எழுதினான் என்று முதலில் பாருங்கள் என்பார். டாங்கிகளைப் பார்ப்பதற்கும் இந்த முறையே ஏற்றதென்று தோன்றுகிறது. ஒவ்வொரு டாங்கியும் எஃகில் எழுதிய ஒரு விடை. ஜெர்மானியரும் சோவியத் மக்களும் எழுதிய விடைகள் வேறு வேறாக இருந்தமைக்குக் காரணம், அவர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட கேள்விகள் வேறு வேறாக இருந்ததே.

முதலில் ஓர் அடிப்படை. டாங்கியில் மூன்று தேவைகள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கின்றன. எதிரியைத் தாக்கப் பீரங்கி வேண்டும். தன்னைக் காக்கக் கவசம் வேண்டும். சேற்றிலும் பனியிலும் விரைந்து செல்ல ஆற்றல் வேண்டும். கவசத்தைத் தடிப்பாக்கினால் எடை கூடும். எடை கூடினால் எஞ்சின் திணறும், பாலம் தாங்காது. பெரிய பீரங்கி வைத்தால், அதைத் தாங்கிச் சுழலும் கோபுரமும் பெரிதாக வேண்டும். மீண்டும் எடை கூடும். ஒன்றைப் பெற மற்றொன்றில் சிறிது இழந்தே ஆகவேண்டும். இம்மூன்றோடு நான்காவது தேவை ஒன்றும் உண்டு. அந்த வண்டியை எத்தனை பேர், எத்தனை நாளில், எந்தக் கருவிகளைக் கொண்டு செய்து முடிப்பார்கள் என்பதே அது. இந்த நான்காவது தேவையை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் இரு நாடுகளும் பிரிந்தன.

ஆனால், தொடக்கத்தில் இரு நாடுகளும் வெகுதொலைவில் இல்லை. டி-34 பிறந்த இடம், உக்ரைனின் கார்க்கோவ் நகரத்தில் ரயில் எஞ்சின்கள் செய்துவந்த தொழிற்சாலை. ஜெர்மானியரின் புகழ்பெற்ற ‘டைகர்’, அதாவது புலி, பிறந்த இடம் காஸ்ஸல் நகரத்து ஹென்ஷல் தொழிற்சாலை. அதுவும் ரயில் எஞ்சின்கள் செய்துவந்ததே.

டி-34-இன் தலைமை வடிவமைப்பாளர் மிகயில் கோஷ்கின். இளமையில் மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பின்னர்ப் பொறியியல் பயின்றவர். 1940-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கடுங்குளிரில், மாதிரி டாங்கிகள் இரண்டைக் கார்க்கோவிலிருந்து மாஸ்கோ வரை தரைவழியே ஓட்டிச் சென்று காட்டினார்கள். கோஷ்கினும் உடன் சென்றார். அந்தப் பயணத்தில் நுரையீரல் நோய்வாய்ப்பட்ட அவர், அதே ஆண்டு செப்டம்பரில் 41 வயதில் காலமானார். தாம் படைத்த டாங்கி போர்க்களம் புகுந்ததை அவர் காணவில்லை.

அந்த டாங்கியின் சிறப்பு யாது? கவசத் தகட்டின் தடிப்பு 45 மில்லிமீட்டர்தான். ஆனால், முன்புறத் தகட்டைச் செங்குத்தாக நிறுத்தாமல் 60 பாகை சாய்த்து வைத்தார்கள். வாழைத்தண்டு ஒன்றைக் குறுக்கே நேராக வெட்டினால் கத்தி கடக்கும் தூரம் குறைவு. சாய்த்து வெட்டினால் தூரம் கூடுகிறது. அதுபோலவே, கிடையாகப் பாய்ந்துவரும் குண்டு சாய்ந்த தகட்டைத் துளைக்கவேண்டுமாயின் நீண்ட வழியைக் கடக்கவேண்டும். கணக்குப் போட்டால், 60 பாகைச் சாய்வில் 45 மில்லிமீட்டர்த் தகடு 90 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. மேலும், குண்டு வழுக்கித் தெறித்துப் போகவும் வாய்ப்புண்டு. எடை கூட்டாமல் காவல் கூட்டிய உத்தி இது. இதனோடு, சேற்றில் புதையாத அகலமான எஃகுப் பட்டைகள், 500 குதிரைத் திறனுள்ள டீசல் எஞ்சின், 76 மில்லிமீட்டர்ப் பீரங்கி ஆகியவற்றையும் சேர்த்தால், 1941-ஆம் ஆண்டில் அதற்கு நிகரான நடுத்தர டாங்கி ஜெர்மானியரிடம் இல்லை என்றே சொல்லலாம்.

அவ்வாறாயின், 1941-இல் வென்றவர் யார்? ஜூன் 22-ஆம் நாள் ஹிட்லரின் படைகள் சோவியத் எல்லையைக் கடந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் சோவியத் படை எல்லா வகையிலுமாக 20,000-க்கு மேற்பட்ட டாங்கிகளை இழந்தது. அவற்றுட் பெரும்பாலானவை பழைய இலகு டாங்கிகள். எனினும், டி-34-களும் ஏராளமாக அழிந்தன. தாளில் சிறந்த டாங்கி களத்தில் தோற்றதன் காரணத்தை அறிய, டாங்கியின் உள்ளே எட்டிப் பார்க்கவேண்டும்.

டி-34-இன் கோபுரத்தில் இருவர்க்கே இடம். ஒருவர் குண்டு நிரப்புவார். மற்றவரே தலைவர், பீரங்கியைக் குறிபார்த்துச் சுடுபவரும் அவரே. எதிரி எங்கே என்று தேடவேண்டும், ஓட்டுநருக்கு வழி சொல்லவேண்டும், குறிபார்க்கவேண்டும், சுடவேண்டும். அவர் படைப்பிரிவின் தலைவராகவும் இருந்தால் மற்ற டாங்கிகளையும் கவனிக்கவேண்டும். ஓராசிரியர் பள்ளியில் பணிசெய்தவர்களுக்கு இந்த நிலைமை நன்கு விளங்கும். ஐந்து வகுப்புகளையும் ஒருவரே பார்க்கும்போது, மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்கையில் முதல் வகுப்பில் நடப்பது கண்ணில் படாது. போர்க்களத்தில் கண்ணில் படாமற்போவது உயிரைக் கொள்ளும். மேலும், தொடக்கக் காலத்தில் தலைவர்களின் டாங்கிகளில் மட்டுமே ரேடியோ இருந்தது. மற்றவர்கள் தலைவர் செய்வதைப் பார்த்துத் தாமும் செய்யவேண்டியிருந்தது. சாய்ந்த தகடுகள் உள்ளிடத்தையும் குறுக்கிவிட்டன.

ஜெர்மானியரின் மூன்றாம் எண், நான்காம் எண் டாங்கிகளோ கவசத்திலும் பீரங்கியிலும் எளியவை. ஆயினும், கோபுரத்தில் மூவர் அமர்ந்தனர். தலைவர் பார்ப்பார், கட்டளையிடுவார், ஒருவர் சுடுவார், ஒருவர் குண்டு நிரப்புவார். ஒவ்வொரு டாங்கியிலும் ரேடியோ இருந்தது. இதை வற்புறுத்தியவர்களுள் முதன்மையானவர் ஹைன்ஸ் குடேரியன் என்னும் படைத்தலைவர். முதல் உலகப் போரில் தந்திச் செய்திப் பிரிவில் பணியாற்றியவராதலின், செய்தி எட்டாத படை குருட்டுப் படை என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே, ஜெர்மானியர் முதலில் கேட்டுக்கொண்ட கேள்வி, ‘உள்ளே இருக்கும் ஐவரும் தத்தம் வேலையைச் செம்மையாகச் செய்வது எவ்வாறு?’ என்பதாகும். அது நல்ல கேள்வி. 1941-இன் வெற்றிகளுக்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

ஆனால், அவ்வாண்டு அக்டோபரில் மாஸ்கோவுக்குத் தெற்கே ம்ட்சென்ஸ்க் என்னும் ஊரருகே நிலைமை மாறியது. அங்கே டி-34-களைச் சூழ்ச்சியோடு மறைத்துவைத்துத் திறமையாக நடத்திய ஒரு சோவியத் படைப்பிரிவு, குடேரியனின் டாங்கிகளுக்குப் பெருஞ்சேதம் விளைவித்தது. ஜெர்மன் பீரங்கிக் குண்டுகள் சாய்ந்த தகடுகளில் பட்டுத் தெறித்தன. நவம்பரில் வடிவமைப்பாளர்களும் தொழிற்சாலைக்காரர்களும் அடங்கிய குழு ஒன்று களத்துக்கே வந்து, சிதைந்துகிடந்த டி-34-களை ஆராய்ந்தது. களத்திலிருந்த அதிகாரிகள் சிலர், அதை அப்படியே நகல்செய்து தருமாறு கேட்டதாகக் குடேரியன் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். வடிவமைப்பாளர்கள் அதை ஏற்கவில்லை. அதில் பெருமிதம் மட்டும் இருந்ததென்று சொல்வது நியாயமன்று. அந்த டீசல் எஞ்சினுக்கு வேண்டிய அலுமினியத்தை ஒதுக்குவதும், தகட்டின் எஃகை அதே வகையில் செய்வதும் ஜெர்மனிக்கு எளிதாக இல்லை.

அதன் பயனாகப் பிறந்தது ‘பாந்தர்’ எனப்படும் சிறுத்தை. டி-34-இன் சாய்ந்த கவசத்தையும் அகன்ற பட்டையையும் ஜெர்மானியர் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள். எதிரியிடம் கற்றுக்கொள்வது இழிவன்று. அந்த வகையில் அவர்கள் நல்ல மாணவர்களே. ஆனால், எதைக் கற்றார்கள், எதை விட்டார்கள் என்று பார்க்கவேண்டும். 30 டன் அளவில் தொடங்கிய திட்டம், ‘இன்னும் சிறிது தகடு, இன்னும் நீண்ட பீரங்கி’ என்று வளர்ந்து வளர்ந்து 45 டன்னில் முடிந்தது. குறைந்த எடைக்கென எண்ணிச் செய்த இறுதிப் பற்சக்கரத் தொகுதி, கூடிய எடையை இழுக்க முடியாமல் அடிக்கடி முறிந்தது. சாய்வைக் கற்றார்கள், எளிமையைக் கற்கவில்லை.

புலியின் கதையோ சற்று முன்பே தொடங்கியது. கனத்த டாங்கி ஒன்று வேண்டுமென்று 1941 மே மாதத்திலேயே ஹிட்லர் முடிவு செய்திருந்தார். அது 57 டன் எடை. முன்புறத்தில் 100 மில்லிமீட்டர்க் கவசம். 88 மில்லிமீட்டர்ப் பீரங்கி. அவ்வளவு பெரிய வண்டியை ஓட்டுநர் மோட்டார் காரைப் போலச் சிறு சக்கரம் ஒன்றைத் திருப்பி ஓட்டலாம். சுமையைச் சீராகப் பகிர்ந்துகொள்ளச் சக்கரங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாற்போல் அமைத்திருந்தார்கள். மேடுபள்ளத்திலும் வண்டி மெல்ல அசைந்து சென்றது. ஆனால், உள்வரிசைச் சக்கரம் ஒன்று பழுதானால் வெளிவரிசையில் பலவற்றைக் கழற்றியாகவேண்டும். ரஷ்யக் குளிரிரவில் சக்கரங்களுக்கிடையே புகுந்த சேறு உறைந்து கல்லாகிவிடும். ரயிலில் ஏற்றினால் அகலம் மிஞ்சியதால், போர்க்களத்துக்கு ஒரு சோடிப் பட்டையும், ரயில் பயணத்துக்குக் குறுகிய சோடி வேறொன்றும் வைத்து மாற்றி மாற்றிப் பூட்டினார்கள். பாலங்கள் தாங்கா என்பதற்காக, நான்கு மீட்டர் ஆழ நீரில் மூழ்கிச் செல்லும் கருவிகளையும் முதலில் வந்த புலிகளில் பொருத்தினார்கள். பின்னர் அதைக் கைவிட்டார்கள். ஒவ்வோர் இடருக்கும் நுட்பமான ஒரு தீர்வு. ஒவ்வொரு தீர்வும் புதியதோர் இடர்.

புலியை ஓட்டுவோருக்கென 1943-இல் ஒரு பாடநூல் அச்சிட்டார்கள். அதன் பெயரே என்னைப் போன்ற ஆசிரியனைக் கவரும்: ‘டைகர்ஃபீபெல்’, அதாவது ‘புலி அரிச்சுவடி’. சிறுவர் பாடநூலைப் போலவே வேடிக்கைப் படங்களும் எதுகைப் பாட்டுகளும் நிறைந்தது. கற்பித்தல் முறையில் அதில் குறை காண்பது அரிது. அந்த அரிச்சுவடி வீரனுக்கு ஒரு கணக்கையும் சொல்லிக்கொடுக்கிறது: ஒரு புலியைச் செய்ய 300,000 மணி நேர உழைப்பு வேண்டும், 6,000 பேர் ஒரு வாரம் பாடுபட்டால் உனக்கு ஒரு புலி கிடைக்கும் என்று. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 50 மணி நேரம். கணக்குச் சரியாகவே இருக்கிறது. வீரன் தன் வண்டியைப் பேணவேண்டும் என்பதற்காக அதைச் சொன்னார்கள். எனக்கோ, அந்த ஒரு கணக்கிலேயே ஜெர்மனியின் இடர் முழுவதும் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. 1942 முதல் 1944 வரை அவர்களால் செய்ய முடிந்த புலிகள் ஏறத்தாழ 1,350.

இனிச் சோவியத் பக்கம் வருவோம். 1941 அக்டோபரில் கார்க்கோவ் ஜெர்மானியர் வசமாயிற்று. அதற்கு முன்பே அங்கிருந்த எந்திரங்களைக் கழற்றி, ரயிலேற்றி, யூரல் மலையின் கீழைச் சரிவிலுள்ள நிஜ்னி தகில் என்னும் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே ரயில் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அங்கிருந்து முதல் டி-34-கள் வெளிவந்தன. தேர்ந்த தொழிலாளர் பலர் களம் சென்றுவிட்டதால் பெண்களும் பள்ளி வயது தாண்டாச் சிறுவர்களுங்கூட எந்திரங்களின் முன் நின்றார்கள். இப்போது வடிவமைப்பாளன் கேட்டுக்கொண்ட கேள்வி, ‘நேற்றுவரை கடைசல் எந்திரத்தைத் தொட்டறியாத ஒருவர், பசியோடும் குளிரோடும், இதைச் செய்ய முடியுமா?’ என்பதாயிற்று.

அதன் விளைவுகளைப் பாருங்கள். உற்பத்தியை எளிதாக்காத எந்த மாற்றத்துக்கும் இடமில்லை என்றாயிற்று. குறைக்கக்கூடிய உறுப்புகளைக் குறைத்தார்கள். வழுவழுப்பாக இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் மெருகிட்டார்கள். மற்ற இடங்களை வார்ப்பு வந்தபடியே விட்டார்கள். ரப்பர் கிடைக்காதபோது முழு எஃகுச் சக்கரங்களைப் பூட்டினார்கள். வண்டி பேரிரைச்சலிட்டு ஓடிற்று. ஓடியது போதும் என்றார்கள். யெவ்கேனி பாட்டன் என்ற அறிஞர், கவசத் தகடுகளைத் தானே பற்றவைக்கும் எந்திரத்தை நிஜ்னி தகிலில் நிலைநாட்டினார். பல்லாண்டுப் பயிற்சி பெற்ற கைகள் செய்த வேலையைச் சில வாரப் பயிற்சியுடையோர் செய்யலாயினர். 1941-இல் ஏறத்தாழ 270,000 ரூபிளாக இருந்த டி-34-இன் விலை, 1943-இல் அதில் பாதியாயிற்று. நாளாக நாளாக விலையும் உழைப்பும் குறைந்துவந்த போர்க்கருவி அது.

ஆயினும், இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஒரு டாங்கி போர்க்களத்தில் சில மாதங்களே உயிர்வாழும் என்றால், பத்தாண்டு உழைக்கும் எஞ்சின் அதற்கு எதற்கு என்பது சோவியத் கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால், அந்தக் கணக்கின்படி செய்த வண்டியில்தான் மனிதர்களும் இருந்தார்கள். 1942-இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட டி-34 ஒன்றை அபர்டீன் சோதனைக் களத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். வடிவமைப்பைப் பாராட்டிய அவர்கள், காற்றிலுள்ள தூசியை வடிகட்டும் கருவி மிகவும் தாழ்ந்ததென்றும், எஞ்சின் அதனாலேயே கெட்டதென்றும், பற்சக்கரப் பெட்டி மோசமென்றும் குறிப்பிட்டார்கள். கியர் மாற்றுவதற்கு ஓட்டுநரின் கைவலிமை போதாமல் பக்கத்தில் இருந்தவரும் சேர்ந்து தள்ளவேண்டியிருந்ததெனப் பழைய வீரர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். எதிரியின் குண்டுக்கு அஞ்சும் அதே நேரத்தில் தன் வண்டியின் கியருக்கும் அஞ்சவேண்டிய நிலை அது.

இரண்டு விடைகளும் நேருக்கு நேர் மோதிய இடம், 1943 ஜூலை 5-இல் தொடங்கிய கூர்ஸ்க் போர். அங்கே ஜெர்மானியர் 200 புதிய சிறுத்தைகளை முதன்முறையாக இறக்கினார்கள். சில வண்டிகள், எதிரியைக் காணுமுன்னரே எஞ்சின் தீப்பற்றி அழிந்தன. பல கண்ணிவெடிகளில் சிக்கின; பல தாமாகவே முறிந்து நின்றன. சில நாள்களில், ஓடும் நிலையிலிருந்தவை ஒரு சிறு பகுதியாகிவிட்டன. நேர்மோதலில் புலிக்கு முன் டி-34 நிற்க முடியவில்லை என்பது உண்மையே. தொலைவிலிருந்தே புலி அதைத் துளைத்தது. டி-34 புலியின் பக்கவாட்டை நெருங்கிவந்து சுடவேண்டியிருந்தது. ஆனால், சண்டை ஓய்ந்தபின் களம் யார் கையில் இருக்கிறதோ அவரே உடைந்த வண்டிகளை மீட்டுப் பழுதுபார்க்க முடியும். நின்றுபோன புலி ஒன்றை இழுக்க 18 டன் இழுவை வண்டிகள் இரண்டு மூன்று வேண்டும். பின்வாங்கும் படைக்கு அதற்கெல்லாம் நேரமேது? கூர்ஸ்குக்குப்பின் ஜெர்மானியர் பின்வாங்கிக்கொண்டே இருந்தார்கள். பழுதான புலிகளையும் சிறுத்தைகளையும் அவற்றின் வீரர்களே வெடிவைத்துத் தகர்க்கவேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறையும் 6,000 பேரின் ஒரு வார உழைப்பு புகையாயிற்று.

இதற்குப்பின் நடந்ததே என் மாணவன் கேள்விக்கு விடைதேட எனக்கு உதவியது. சோவியத் வடிவமைப்பாளர்களுக்குத் தம் கோபுரத்தின் குறை தெரியாததன்று. 1940-இல் ஜெர்மனியோடு உடன்பாடு இருந்த காலத்தில் மூன்றாம் எண் டாங்கியை விலைக்கு வாங்கிச் சோதித்து, மூவர் கோபுரத்தின் நன்மையைக் கண்டிருந்தார்கள். அதற்கேற்பத் திருத்திய டி-34 ஒன்றுக்குத் திட்டமும் தீட்டியிருந்தார்கள். போர் தொடங்கியதும் அதை ஒதுக்கிவைத்தார்கள். உற்பத்தி ஒரு நாளும் நிற்கலாகாது என்பதே காரணம். 1943-இல் சிறந்த தூசி வடிகட்டியும் புதிய பற்சக்கரப் பெட்டியும் வந்தன. 1944-இன் தொடக்கத்தில், ஏறக்குறைய அதே உடலின் மேல் மூவர் அமரும் பெரிய கோபுரமும் 85 மில்லிமீட்டர்ப் பீரங்கியும் வைத்து டி-34-85 வெளிவந்தது. தலைவர் இனிச் சுடவேண்டியதில்லை, பார்க்கலாம், சிந்திக்கலாம். எதிரியிடமிருந்து அவர்கள் கற்றது தடித்த கவசத்தை மட்டுமன்று. உள்ளே இருப்பவனின் இருக்கையையும் கற்றார்கள். அதற்காக உற்பத்தியின் எளிமையைக் கைவிடவுமில்லை. இருவகை டி-34-களும் சேர்ந்து போர்க்காலத்தில் 50,000-க்கு மேல் வெளிவந்தன. ஜெர்மனி செய்த சிறுத்தைகளோ ஏறத்தாழ 6,000.

ஜெர்மனியில் அதே காலத்தில் 70 டன்னை நெருங்கிய அரசப் புலி வந்தது. அதற்கும் மேலாக, ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த 188 டன் டாங்கி ஒன்றும் உருவாயிற்று. அதற்கு இட்ட பெயர் ‘மௌஸ்’. நம் மொழியில் சுண்டெலி! இரண்டு சுண்டெலிகளே உருவாயின, இரண்டும் போரிடவில்லை.

இதைக் கொண்டு ஜெர்மானியர் இயல்பாகவே நுட்பப் பித்தர்கள், ரஷ்யர் இயல்பாகவே முரடர் என்று முடிவுகட்டுவது தவறு. நான்காம் எண் டாங்கியை ஜெர்மனி போர் முழுவதும் திருத்தித் திருத்தி ஏறத்தாழ 8,500 செய்தது. கோபுரமே இல்லாத மலிவான தாக்குவண்டிகளை மூன்றாம் எண் டாங்கியின் உடலில் ஏறத்தாழ 10,000 செய்தது. அவை களத்தில் பெரிதும் பயன்பட்டன. சோவியத்தின் டீசல் எஞ்சினோ நுட்பம் மிகுந்த படைப்பு. ஆகவே, வேறுபாடு குருதியில் இல்லை, நிலைமையில் இருந்தது. ஜெர்மனி குறுகிய போரை எண்ணித் தொடங்கியது. போர் நீண்டபோது ஆளும் எண்ணெயும் குறைந்தன. குறைந்த ஆள்களைக் கொண்டு மிகுந்த எதிரிகளை அழிக்கவேண்டுமாயின் ஒவ்வொரு டாங்கியும் பத்துக்குச் சமமாக வேண்டும் என்று எண்ணினார்கள். ஆனால், 1944 மே மாதம் முதல் நேச நாட்டு விமானங்கள் செயற்கை எரிபொருள் ஆலைகளைத் தகர்க்கத் தொடங்கியதும், புதிய ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கவே பெட்ரோல் இல்லாமற்போயிற்று. நுட்பமான வண்டியைப் பழகாத கைகளில் கொடுத்தால் அது முறியும். மிகச் சிறந்த கருவி மிகச் சிறந்த பயிற்சியையும் வேண்டுகிறது. இரண்டாவதைக் கொடுக்க முடியாதவன் முதலாவதைச் செய்து பயனில்லை.

புலியின் அழகை வியப்போர் உலகில் பலர் உண்டு. அவர்கள் ஒன்றை மறத்தலாகாது. அது பிறநாட்டை அடிமைப்படுத்தப் புறப்பட்ட ஒரு கொடிய ஆட்சிக்காகச் செய்த வண்டி. அந்த ஆட்சியின் போர்த் தொழிற்சாலைகளில், வென்ற நாடுகளிலிருந்து வலிந்து கொண்டுவந்த இலட்சக்கணக்கான மக்கள் வதைபட்டு உழைத்தனர். அதுபோல, டி-34-இன் வெற்றியை வியப்போரும் ஒன்றை மறத்தலாகாது. சோவியத் படை அந்தப் போரில் இழந்த நடுத்தர டாங்கிகள் ஏறத்தாழ 45,000; அவற்றுள் மிகப் பெரும்பான்மை டி-34. ஒவ்வொன்றிலும் நால்வரோ ஐவரோ இருந்தனர். எல்லாரும் மாண்டனர் என்பதன்று, தப்பியோர் பலர். ஆயினும், அந்த எண்ணை நான் ஐந்தால் பெருக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

இவை அயலார் கதைகள் மட்டுமல்ல. நம் ஆவடியில் உரிமம் பெற்றுச் செய்த டி-72 டாங்கிகளின் வடிவம், அதே நிஜ்னி தகிலில் பிறந்தது. 41 டன் அளவு எடை, மூவரே அமர்வர். அதே ஆவடியில் நம்மவர் வடிவமைத்த அர்ஜுன் டாங்கியோ அதனினும் பெரிது, நால்வர் அமர்வர். பழைய கேள்விகள் இரண்டும் நம் ஊரிலேயே அருகருகே நிற்கின்றன.

என் மாணவனுக்கு நான் தரவேண்டிய விடை இன்னும் பாக்கியிருக்கிறது. எந்த டாங்கி சிறந்தது என்று அவன் முதலில் கேட்டது, நாட்டை நடத்துவோர் கேட்கவேண்டிய கேள்வி. அதற்கு டி-34 என்று நான் சொன்னது தவறன்று. எந்த டாங்கியில் உட்காருவீர்கள் என்று அவன் பின்னர்க் கேட்டது, பிள்ளையைப் போருக்கு அனுப்பும் வீட்டில் கேட்கவேண்டிய கேள்வி. முதல் கேள்வியை மட்டும் கேட்டவர்கள் வென்றார்கள். ஆனால், தம் பிள்ளைகளைக் கணக்கின்றிக் கொடுத்தார்கள். இரண்டாம் கேள்வியோடு தொடங்கியவர்கள், ஐவருக்கு நல்ல இருக்கை செய்தார்கள். பின்னர்க் கவசத்தையும் பீரங்கியையுமே வளர்த்துக்கொண்டு போய், அந்த ஐவரையும் நடுவழியில் இறங்கவைத்தார்கள். 1944-இல் டி-34-இன் கோபுரத்தில் மூன்றாவது ஆளுக்கு இடம் கொடுத்தபோதுதான் இரு கேள்விகளையும் ஒருவர் சேர்த்துக் கேட்டதாக நான் கருதுகிறேன். ஆதலால், தம்பி, போருக்கு என்னை அனுப்பியே தீருவதானால் அந்த டாங்கியில் அமர்வேன். அது வருவதற்கு முன், இருவர் கோபுரத்தில் மூன்றாண்டுகள் அமர்ந்து போரிட்டவர்களை நினைத்துக்கொண்டே அமர்வேன்.

அன்று மணி அடித்ததும் வகுப்பை விட்டு வெளியேறினேனே, அந்த மாணவன் இப்போது எங்கிருக்கிறானோ அறியேன். இந்த உரை அவன் செவியில் விழுமாயின், தாமதமாக வந்த விடையை அவன் பொறுத்துக்கொள்வானாக.